செம்பு, பித்தளை டார்ச் பாக்கெட்டுக்கா பீரோவுக்கா: வாங்குறதுல இருந்து பாதுகாக்குறது வரைக்கும் முழு வழிகாட்டி

புது செம்பு டார்ச் கூரியர்ல வந்துருச்சுன்னா பெட்டிய உடனே பிரிச்சு கையில எடுக்காதீங்க, இதை படிச்சிட்டு எடுங்க. லேத்துல இருந்து அப்படியே வந்த பளபளப்போட இருக்குற செம்பு மேல நீங்க முதல்ல விரல் வைக்கிற இடத்துல வியர்வை உப்பும் தோல் எண்ணெயும் ஒட்டிக்கும், பத்து பதினஞ்சு நாள்ல அந்த இடம் உங்க ரேகையோட அப்படியே பழுப்பா தெரியும். அலுமினிய டார்ச்சுல இந்த கவலையே கிடையாது, அது மேல அனோடைசிங் பூச்சு இருக்கு. செம்பும் பித்தளையும் பெரும்பாலும் பூச்சு எதுவும் இல்லாம வெறும் உடம்போட வருது, தொட்ட கை, வெச்ச இடம், அடிச்ச காத்து எல்லாத்தையும் அது மேல எழுதி வெச்சுக்கும்.

அதனால தான் சொல்றேன், இந்த லைட்ட யூஸ் பண்ணப் போறீங்களா, சேத்து வைக்கப் போறீங்களாங்குற முடிவு பெட்டிய பிரிக்கிறதுக்கு முன்னாடியே வேணும். ரெண்டுமே நல்ல விஷயம் தான், ஆனா ரெண்டுக்கும் பராமரிப்பு நேர் எதிர். பாதி இது பாதி அதுன்னு வெச்சிருந்தா தான் லைட்டு கெட்டுப்போகுது. என்னோட முதல் செம்பு டார்ச், ஏஏஏ பேட்டரி போடுற சின்னது, வந்த அன்னைக்கு வீட்ல எல்லார் கையிலயும் குடுத்து காட்டிட்டு, ஒரு தோல் பவுச்சுல போட்டு, பேட்டரியும் உள்ளயே விட்டு பீரோவுல வெச்சுட்டேன், பத்திரமா இருக்கட்டும்னு. எட்டு மாசம் கழிச்சு எடுத்தா தோல் தையல் பட்ட இடமெல்லாம் பச்சை, உள்ள ஆல்கலைன் செல் கசிஞ்சு வெள்ளையா பொருமி மூடிய திறக்கவே முடியல. தினமும் பாக்கெட்டுல போட்டு தேஞ்சிருந்தா கூட அது இன்னைக்கும் எரிஞ்சிட்டு இருந்திருக்கும்.

படி 1: கையில இருக்குறது எந்த உலோகம்

செம்புன்னா செம்பு, பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் சேந்த கலவை, இது நம்ம வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா டார்ச்சுன்னு வரும்போது ரெண்டும் ஒரே மாதிரின்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அது தப்பு.

வெயிட்ட பாருங்க. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் கிட்டத்தட்ட 4.5, பித்தளை 8.5 சுமார், செம்பு 8.96. அதே அளவு டார்ச்சு அலுமினியத்துல இருந்து செம்புக்கு மாறினா உடம்பு மட்டும் மூணு மடங்குக்கு மேல கனக்கும். இரும்ப விடவே செம்பு கனம்.

அடுத்து சூடு. எல்இடி எரியும்போது வர்ற சூட்ட உடம்பு தான் வாங்கி வெளிய விடணும். சூட்ட கடத்துற திறன் செம்புக்கு 400 வாட் பக்கம் (ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு), டார்ச்சுக்கு வழக்கமா போடுற 6061 அலுமினியத்துக்கு 167, பித்தளைக்கு 115 – 120 தான். அதாவது சூடு கடத்துறதுல பித்தளை அலுமினியத்துக்கும் கீழ. பித்தளையும் செம்பு மாதிரி சூப்பரா கூல் பண்ணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டைட்டானியம் இன்னும் மோசம், 7 பக்கம் தான், ஆனா அது வேற கதை.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரே அளவு துண்டு ஒரு டிகிரி சூடாக எவ்வளவு வெப்பம் வாங்கும்னு பாத்தா செம்பு அலுமினியத்த விட 40 சதவீதம் பக்கம் அதிகமா வாங்கும், பித்தளை 30 சதவீதம் பக்கம். அதனால தான் அதே சர்க்யூட், அதே எல்இடி போட்ட லைட்டு செம்பு உடம்புல டர்போவுல (அதிகபட்ச வெளிச்சத்துல) கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்குது. ஆனா வாங்கின சூடு எங்கயும் போயிடல, உங்க கைக்கு தான் வரும், அதுவும் சீக்கிரமா சமமா முழு உடம்புக்கும் பரவி வரும். எமிசார் டி4 மாதிரி நாலு எல்இடி வெச்ச குட்டி லைட்ட செம்பு உடம்புல டர்போ போட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல கைய மாத்தி மாத்தி பிடிக்க வேண்டியிருக்கும்.

லேத்துல சுலபமா கடையிறதுக்காக பித்தளையில கொஞ்சம் ஈயம் கலக்குறது உண்டு, அதிகமா புழங்குற சி360 ரகத்துல கிட்டத்தட்ட 3 சதவீதம். கையில வெச்சிருக்குறதுல பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது வாயில கவ்விக்கிற பழக்கம் இருந்தா பித்தளை லைட்டுல அத விட்ருங்க, குழந்தைங்க சப்ப விடாதீங்க, பாலிஷ் பண்ண பிறகு கை கழுவுங்க.

படி 2: முடிவு எடுக்குறது

உங்ககிட்ட நீங்களே கேட்டுக்க ரெண்டே கேள்வி தான். இந்த லைட்டு மேல ஒரு கீறல் விழுந்தா மனசு வலிக்குமா? இதே லைட்டு நாளைக்கு தொலைஞ்சா திரும்ப வாங்க முடியுமா? வலிக்காது, வாங்கலாம்னா யூஸ் பண்ணுங்க, யோசிக்கவே வேணாம். லுமின்டாப் டூல் ஏஏஏ செம்பு, ரேலைட் பைனாப்பிள் பித்தளை இதெல்லாம் கையில புழங்கத்தான் பிறந்த லைட்டு. வலிக்கும், திரும்ப கிடைக்காதுன்னா, அதாவது கொஞ்சமே செஞ்ச பேட்ச், சீரியல் நம்பர் போட்டது, ஓக்லூமா, ஹேன்கோ மாதிரி சின்ன பட்டறையில செஞ்சது, அத சேத்து வைக்கிறதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா ஒழுங்கா சேத்து வைங்க.

என் கருத்து என்னன்னா, பத்து லைட்டு இருந்தா அதுல குறைஞ்சது ஏழு புழங்கணும். செம்பு உலோகத்தோட அழகே கை பட்டு நிறம் மாறுறதுல தான் இருக்கு, நம்ம வீட்டு செம்புக் குடம் மாதிரி. காசு இருக்கு, லைட்டு ரொம்ப பிடிச்சிருக்குன்னா ஒரே லைட்ட ரெண்டு வாங்கி ஒண்ண பாக்கெட்டுலயும் ஒண்ண பெட்டியிலயும் வைக்கிறவங்க இருக்காங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

படி 3: யூஸ் பண்ணப் போறீங்கன்னா முதல் நாள் வேலை

ரேகை விழுமேன்னு கவலைப்படாம எடுங்க, ஆனா பேட்டரி போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. டெயில் கேப்பையும் (பின்பக்க மூடி) ஹெட்டையும் (எல்இடி இருக்குற முன்பக்கம்) கழட்டி மரையில ஒரு காட்டன் பட்ஸ விட்டு சுத்துங்க, கருப்பா வரும். அது கடைசல் தூளும் பழைய எண்ணெயும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு சுத்தமா துடைங்க. செம்பு மென்மையான உலோகம், அந்த தூளோட அப்படியே திருகினா மரைக்கு மரை அரைச்சு சிக்கிக்கும், அப்படி சிக்கினா இடுக்கி போட்டு தான் திறக்கணும், உடம்பெல்லாம் பல்லு தடம் விழும்.

துடைச்ச பிறகு சிலிகான் கிரீஸ் ஒரு அரிசி அளவு, அவ்வளவு போதும், மரையிலயும் ஓ-ரிங்குலயும் (தண்ணி புகாம இருக்க மாட்டின ரப்பர் வளையம்) தடவுங்க. ஓ-ரிங்கு சிலிகான் ரப்பரா இருந்தா சிலிகான் கிரீஸ் அத உப்ப வெச்சிரும், கருப்பு நைட்ரைல் ரிங்குனா ஒண்ணும் ஆகாது. பெரும்பாலும் நைட்ரைல் தான் வருது. வாஸ்லின் கையில இருக்குன்னு எல்லா ரப்பருக்கும் போடாதீங்க.

திருகும்போது ஒரு பழக்கம்: கேப்ப மரை மேல வெச்சு முதல்ல இடது பக்கமா, அதாவது கழட்டுற பக்கமா மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல லேசா ‘டொக்’னு கீழ இறங்குறது விரல்ல தெரியும். அங்க இருந்து வலது பக்கம் திருகுங்க. மரை மாறி ஏறவே ஏறாது. அலுமினியத்துல அவசரத்துக்கு திருகினா கூட தப்பிச்சிக்கும், செம்புல ஒரு தடவை மரை மாறி ஏறிட்டா அந்த முதல் மரை போச்சு.

இப்ப ரொம்ப முக்கியமான ஒரு சோதனை. சைடுல எலக்ட்ரானிக் பட்டன் வெச்ச அலுமினிய டார்ச்சுல டெயில் கேப்ப கால் சுத்து தளர்த்தினா லைட்டு பூட்டிக்கும், பாக்கெட்டுல தானா எரியாது, ஏன்னா மரையில இருக்குற அனோடைசிங் கரண்ட கடத்தாது. செம்புலயும் பித்தளையிலயும் மரை வெறும் உலோகம், தளர்த்தினாலும் கரண்டு மரை வழியாவே ஓடும். அலுமினிய லைட்டுல பழகின கையோட கால் சுத்து தளர்த்திட்டு பூட்டிட்டோம்னு பாக்கெட்டுல போட்டா பட்டன் அமுங்கி டர்போ எரிஞ்சு தொடை சுட்டுரும், துணி கருகும். அதனால வீட்லயே கால் சுத்து தளர்த்திட்டு பட்டன அமுக்கி பாருங்க. எரிஞ்சா மரைய நம்பாதீங்க, சாஃப்ட்வேர் பூட்டு போடுங்க. ஆண்டுரில்ங்குற சாஃப்ட்வேர் இருக்குற லைட்டுனா ஆஃப்ல இருந்து நாலு தடவை தட்டினா பூட்டிக்கும். ஹெட்ட திருகி எரிய வைக்கிற சின்ன ஏஏஏ லைட்டுக்கு இந்த பிரச்சனை குறைவு, ஹெட்ட தளர்த்தும்போது பேட்டரியோட பாசிட்டிவ் முனையே விலகிடும், ஆனா நல்லா ஒரு முழு சுத்தாவது தளர்த்தி வைங்க.

பேட்டரி. ஏஏ, ஏஏஏ லைட்டுக்கு ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் போடுங்க, எனெலூப் மாதிரி. 1.2 வோல்ட் தானேன்னு யோசிக்காதீங்க, நல்ல டிரைவருக்கு (எல்இடிக்கு கரண்ட அளந்து விடுற சர்க்யூட்) அது போதும், ஆல்கலைன் மாதிரி கசிஞ்சு குழாய அரிக்கிற தொல்லை ரொம்ப ரொம்ப குறைவு. 18650 (ஏஏவ விட பெருசான ரீசார்ஜ் லித்தியம் செல்) போடுற லைட்டுனா பேர் தெரிஞ்ச செல் வாங்குங்க, 9900 எம்ஏஹெச்னு அட்டையில போட்டிருந்தா அது பொய், அந்த அளவு செல்லுல நல்ல கம்பெனி போடுறதே பெரும்பாலும் 3500 பக்கம் தான். செல்லோட மேல் பிளாஸ்டிக் உறை கிழிஞ்சிருந்தா போடவே கூடாது, சுத்தி இருக்குறது முழுக்க வெறும் செம்பு, பல லைட்டுல உள்பக்கமும் பூச்சு கிடையாது.

படி 4: தினமும் கூட வெச்சிருக்குறது

பாக்கெட்டுல சாவி, சில்லறை கூட போட்டா கீறல் விழும், விழட்டும். ஆனா கனம் யோசிக்கணும். 18650 செம்பு லைட்ட மெல்லிசு காட்டன் பேண்ட்டுல போட்டா ஒரு பக்கம் இழுக்கும், லுங்கி வேட்டி மடிப்புல நிக்கவே நிக்காது. தினமும் கூட வெச்சிருக்க ஏஏஏ இல்ல ஏஏ அளவு தான் சரி. பெருசு வேணும்னா பைக்குள்ள.

கீழ விழுந்தா அலுமினியம் குதிக்கும், செம்பு நசுங்கும். பேட்டரி மாத்த கேப்ப கழட்டியிருக்கும்போது குழாய் வாய் தரையில பட்டா அந்த விளிம்பு உள்ள மடங்கி கேப் ஏறாது, அதனால பேட்டரி மாத்துறது எப்பவும் மேசை மேல துணி விரிச்சு.

கையில ஒரு காசு வாடை வரும், சில பேருக்கு விரல்ல பச்சை கூட தெரியும். வாடைக்கு காரணம் தோல் எண்ணெய் உலோகத்தோட சேந்து மாறுறது, பச்சைக்கு காரணம் வியர்வை. சோப்பு போட்டா போயிடும்.

மாசம் ஒரு தடவை செய்ய வேண்டிய ஒரே வேலை இதான், இத மட்டும் விடாதீங்க. டெயில் கேப்ப கழட்டி குழாயோட வாய் விளிம்ப வெளிச்சத்துல பாருங்க. அந்த மெல்லிசு வட்டம், ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்குமா, அது வழியா தான் மொத்த கரண்டும் போகுது. கரண்ட் நல்லா போற விளிம்பு புது தாம்பூலத் தட்டு மாதிரி ரோஸ் நிறத்துல மின்னும். ஒரு பக்கம் மட்டும் காப்பி நிறமா இருந்தா அங்க ஆக்சைடு படிஞ்சிருக்கு, ஆக்சைடு கரண்ட சரியா கடத்தாது, அந்த மாதிரி லைட்டு தான் தட்டினா மினுக்கும், டர்போ போட்டா ஏறாது. பென்சில் அழிக்கிற ரப்பர எடுத்து விளிம்பு மேல வெச்சு ஒரு சுத்து சுத்துங்க, ரப்பர் கருப்பாகும், விளிம்பு மின்னும், ஆல்கஹால்ல துடைச்சு மூடுங்க. லைட்டு செத்துப்போச்சுன்னு நினைச்சவங்களுக்கு பல தடவை இந்த அழிரப்பரே வைத்தியம் பாத்துருக்கு. உடம்பு எந்த நிறத்துல வேணா இருக்கட்டும், அந்த விளிம்பும் செல் தொடுற ஸ்பிரிங்கும் மட்டும் பளிச்சுன்னு இருக்கணும்.

படி 5: நிறம் ஏறுறது வேற, களிம்பு ஏறுறது வேற

நம்ம ஊர்ல பித்தளை பாத்திரம் புழங்கின எல்லாருக்கும் களிம்புன்னா தெரியும். ஆனா டார்ச்சுல எது நல்ல நிறம், எது களிம்புன்னு பிரிச்சு பாக்க தெரியணும். முதல்ல வர்ற ஆரஞ்சு கலந்த பழுப்பு, அப்புறம் காப்பி, அப்புறம் கரும்பழுப்பு, இதெல்லாம் செம்பு ஆக்சைடு, உலோகத்தோட இறுக்கமா ஒட்டி நிக்கும், நகத்தால சுரண்டினாலும் வராது, உள்ள இருக்குற உலோகத்துக்கு அது ஒரு போர்வை மாதிரி. பச்சையா, நீலப்பச்சையா, மாவு மாதிரி வர்றது தான் களிம்பு. அது உப்பு, புளிப்பு, ஈரம் சேந்து வர்றது, ஒட்டி நிக்காது, உதிரும், கீழ இருக்குற உலோகத்த அரிக்கும். கடலோரத்துல இருக்குறவங்க, நாகை, தூத்துக்குடி, சென்னையில கடல் பக்கம், ரொம்ப கவனமா இருக்கணும். உப்புல இருக்குற குளோரைடு செம்புக்குள்ள ஏறிட்டா ஈரப்பதம் இருக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப பச்சை கக்கிட்டே இருக்கும். கடற்கரைக்கு கொண்டு போயிட்டு வந்தா நல்ல தண்ணியில துடைச்சு காய வைங்க.

தானா நிறம் ஏற பொறுமை இல்லன்னா முட்டை வழி இருக்கு. அவிச்ச முட்டைய சூடா இருக்கும்போதே மசிச்சு ஒரு ஜிப் கவர்ல போட்டு, எல்லா பார்ட்டும் கழட்டின வெறும் குழாய அதுல முட்டை படாம வெச்சு மூடுங்க, முட்டையில இருந்து வர்ற கந்தக வாயு செம்ப பழுப்பா கருப்பா ஆக்கும். அரை மணிக்கு ஒரு தடவை பாத்து பிடிச்ச நிறம் வந்ததும் எடுத்து கழுவுங்க. குழாய முதல்ல சோப்பு போட்டு எண்ணெய் இல்லாம கழுவலன்னா திட்டுத் திட்டா வரும். பித்தளைக்கு இது மெதுவா தான் ஏறும்.

வினிகரும் உப்பும் தெளிச்சு பச்சை வர வைக்கிற வீடியோ நிறைய இருக்கு, புழங்குற லைட்டுக்கு அத செய்யாதீங்க, அது காசு குடுத்து களிம்பு வாங்குற வேலை. அமோனியா புகையில நீலம் வர வைக்கிறதும் பித்தளைக்கு வேணவே வேணாம். இதுக்கு நம்ம நாட்டு வரலாறே இருக்கு: பிரிட்டிஷ் படை இந்தியாவுல மழைக்காலத்துல தோட்டாக்கள குதிரை லாயத்துல அடுக்கி வெச்சுது, பித்தளை உறையெல்லாம் தானா விரிசல் விட்டுச்சு. வளைச்சு நீட்டி செஞ்ச பித்தளைக்குள்ள இருக்குற இழுவிசையும் குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியாவும் சேந்து தான் காரணம்னு 1921ல தான் விளக்கம் வந்துச்சு. இறுக்கி திருகின மரை, அழுத்தி மாட்டின கிளிப் இதெல்லாம் கூட இழுவிசை தான். அமோனியா வாடை வர்ற மெட்டல் பாலிஷ் போட்டாலும் மரைக்குள்ள மிச்சம் விடாம துடைச்சிருங்க.

பளபளன்னு திரும்ப ஆக்கணுமா, வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு செய்யிறதே தான். புளிய ஊற வெச்சு கரைச்சு, வெறும் குழாய மட்டும், ஓ-ரிங், கண்ணாடி, ஸ்விட்ச் எல்லாம் கழட்டிட்டு தேய்ங்க. புளியில இருக்குற டார்டாரிக் அமிலம் ஆக்சைட கரைச்சிடும், நிமிஷத்துல ரோஸ் நிறம் வந்துரும். ஹெட்டுக்குள்ள எல்இடியும் சர்க்யூட்டும் இருக்கு, அத புளித்தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. உடனே கழுவணும், உடனே துடைக்கணும், மரைக்குள்ள புளி தங்கினா மறுநாள் அங்க தான் பச்சை பூக்கும். பித்தளைய புளியில ஊறப் போடவே போடாதீங்க, துத்தநாகம் வெளிய போயி மேல செம்பு மட்டும் தங்கி ரோஸ் ரோஸா திட்டு விழும், அப்புறம் அது பித்தளை நிறத்துக்கு வர நல்லா தேய்க்கணும்.

படி 6: சேத்து வைக்கப் போறீங்கன்னா

இங்க எல்லாமே தலைகீழ். கையுறை போடுங்க, நைட்ரைல் கையுறை, பவுடர் இல்லாதது. பேட்டரி உள்ள இருக்கவே கூடாது, கூட வந்த லித்தியம் செல்ல தனி பிளாஸ்டிக் டப்பாவுல பாதி சார்ஜ்ல, 3.7 வோல்ட் பக்கத்துல வைங்க. ஆல்கஹால்ல ஒரு தடவை முழுசா துடைச்சு ரேகை எதுவும் இல்லாம பண்ணி, மைக்ரோ கிறிஸ்டலைன் மெழுகு மெல்லிசா தடவி மென்மையான துணியில துடைங்க. ரினைசன்ஸ் வேக்ஸ்னு ஒண்ணு கிடைக்குது, பிரிட்டிஷ் மியூசியத்துல கலைப்பொருள் பாதுகாப்புக்காக உருவானது, நம்பி போடலாம்.

எதுல வைக்கிறோம்ங்குறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. தோல் பவுச்சு வேணாம், பதப்படுத்தின அமிலம் தோலுக்குள்ள இருக்கும். ரப்பர் பேண்டு சுத்தவே கூடாது, ரப்பர்ல கந்தகம் இருக்கு, சுத்தின இடம் கருப்புக் கோடா விழும். கம்பளி, ஃபெல்ட் துணி (அழுத்தி செஞ்ச கம்பளித் துணி), அதுவும் கந்தகம். பிவிசி கவர் நாளாக நாளாக அமிலம் விடும். மரப்பெட்டி அழகா இருக்கும், ஆனா நிறைய மரம் அசிட்டிக் அமில வாயு விடும், மூடின பெட்டிக்குள்ள அது சேரும். சாதா பாலிதீன் ஜிப் கவரே நல்லது, கூட ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஒரு ஆன்டி டார்னிஷ் பேப்பர் (உலோகம் கருக்காம காக்குற காகிதம்). வெள்ளிக்குன்னு விக்கிற பேப்பர் செம்புக்கும் வேலை செய்யும். சிலிக்கா ஜெல்ல நவம்பர் மழைக்கு முன்னாடி ஒரு தடவை சூடு காட்டி திரும்ப போடுங்க.

பெட்டி, கூட வந்த அட்டை, கிளிப், லேன்யார்டு, வாங்கின ரசீது எல்லாத்தையும் வெச்சிருங்க. ஒரு நோட்டுல தேதி, சீரியல் நம்பர், எந்த எல்இடி, என்ன மாத்தினீங்கன்னு எழுதுங்க. எல்இடி மாத்தினா, மெஷின்ல பாலிஷ் போட்டா சேத்து வைக்கிறவங்களுக்கு அது வேற லைட்டு ஆயிடும், பின்னாடி யாருக்காவது குடுக்கும்போது மறைக்காம சொல்லணும். ட்ரிட்டியம் குப்பி (பேட்டரி இல்லாம தானா ஒளிர்ற, கதிரியக்க வாயு அடைச்ச சின்ன கண்ணாடிக் குழாய்) வெச்ச லைட்டுனா 12.3 வருஷத்துல அதோட வெளிச்சம் பாதியாகும், பீரோவுக்குள்ள இருந்தாலும் ஆகும், பழசு வாங்கும்போது அந்த கணக்கோட விலை பேசுங்க.

வருஷத்துக்கு ரெண்டு தடவை கவர திறந்து பாருங்க. எங்கயாவது ஒரு பச்சை புள்ளி இருந்தா பல்குத்துற மரக்குச்சியால எடுத்து, டிஸ்டில்டு வாட்டர்ல துடைச்சு, நல்லா காய வெச்சு மெழுகு போட்டு மூடுங்க.

நம்ம வீட்டு பழைய பித்தளை டார்ச்

இத ஏன் தனியா சொல்றேன்னா, செம்பு பித்தளை டார்ச்சு சேக்கணும்னு ஆசை இருக்குற நிறைய பேர் வீட்ல ஒண்ணு ஏற்கனவே பரண் மேல கிடக்கும், அவங்களுக்கு தெரியாது. டார்ச்சு பிறந்ததே பித்தளையோட தான், 1899 ஜனவரியில டேவிட் மிசெல் அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கின முதல் குழாய் டார்ச்சு காகிதக் குழாயும் பித்தளை ரிஃப்ளெக்டரும் வெச்சது. அப்ப பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது, விட்டு விட்டு மின்ன விடுவாங்க, ஃபிளாஷ் லைட்டுன்னு பேர் வந்ததே அதனால தான்.

நம்ம ஊர்ல வயலுக்கு தண்ணி கட்டப் போறவங்க கையில இருந்த ரெண்டு கட்டை, மூணு கட்டை பேட்டரி லைட்டு, வெள்ளையா மின்னுறத பாத்து இரும்புன்னு நினைச்சிருப்போம். நிறைய லைட்டு மேல குரோம் பூச்சு, உள்ள பித்தளை. காந்தத்த வெச்சு பாருங்க, பட்டுன்னு ஒட்டினா இரும்புத் தகடு, ஒட்டலன்னா கேப்ப கழட்டி மரை தேஞ்ச இடத்த பாருங்க, மஞ்சள் தெரிஞ்சா பித்தளை தான். லேசா ஒட்டுற மாதிரி இருந்தா குரோமுக்கு கீழ இருக்குற நிக்கல் பூச்சா கூட இருக்கலாம்.

உள்ள பழைய செல் கசிஞ்சிருந்தா எந்த செல்லுன்னு தெரிஞ்சு சுத்தம் பண்ணணும். அந்தக் கால கார்பன் கட்டை கசிவு அமிலத்தன்மை உள்ளது, ஆப்ப சோடாவ தண்ணியில கரைச்சு துடைங்க. ஆல்கலைன் கசிவு காரம், அதுக்கு எலுமிச்சை சாறு இல்ல வினிகர் ஒரு சொட்டு. மாத்தி போட்டா நுரைக்கவும் நுரைக்காது, போகவும் போகாது. கடைசியில நல்ல தண்ணி, அப்புறம் ஆல்கஹால், அப்புறம் வெயில்ல ஒரு மணி நேரம்.

ரிஃப்ளெக்டர துணியால துடைக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். பழைய நல்ல டார்ச்சுல அது வெள்ளி முலாம், மெல்லிசு, ஒரு துடைப்புலயே கோடு விழுந்துரும். ஊதுங்க, அவ்வளவு தான். பல்பு போயிருந்தா அதே காலர் உள்ள எல்இடி பல்பு கிடைக்குது, பி13.5எஸ் அளவுன்னு கேளுங்க, ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட்னு கணக்கு போட்டு உங்க லைட்டுக்கு ஏத்தது வாங்குங்க, ஒண்ணையும் வெட்டாம ஒட்டாம போட்டு எரிக்கலாம், பழைய பல்ப தனியா எடுத்து வைங்க. குரோம் உரிஞ்சு பித்தளை எட்டிப்பாக்குற லைட்ட பாத்து மீதி குரோமையும் அமிலம் போட்டு எடுத்துடலாம்னு தோணும், செய்யாதீங்க, குரோம் கரைசல் விஷம், அந்த உரிஞ்ச இடம் யாரோ ஒருத்தர் கட்டை விரல் வருஷக்கணக்குல பட்ட இடம், அது அப்படியே இருக்கட்டும்.

ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாத்துறது

பெட்டியில வெச்சிருந்தத யூஸ் பண்ண எடுக்குறது சுலபம், மெழுக ஆல்கஹால்ல துடைச்சு, படி 3ல சொன்ன மாதிரி மரைக்கு கிரீஸ் போட்டு எரிச்சுக்க வேண்டியது தான். நாள்பட்ட ஓ-ரிங்கு காஞ்சிருக்கும், புதுசு போடுங்க.

புழங்கின லைட்ட ஓய்வு குடுத்து எடுத்து வைக்கிறப்ப தான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க, புளி போட்டு புதுசு மாதிரி தேய்ச்சு வெச்சிடுறாங்க, மூணு நாலு வருஷமா ஏறின நிறம் அஞ்சு நிமிஷத்துல போயிடும், திரும்ப அதே மாதிரி வராது, ஏன்னா விரல் படுற இடம் வெளிறியும் பள்ளம் கருத்தும் வந்த அந்த அமைப்பு உங்க கை போட்டது. வியர்வை உப்பு மட்டும் போகுற மாதிரி டிஸ்டில்டு வாட்டர்ல ஈரத் துணி, பள்ளத்துல பச்சை இருந்தா மரக்குச்சி, ஒரு நாள் முழுக்க காய விட்டு நிறத்துக்கு மேலயே மெழுகு. பேட்டரிய எடுத்துட்டீங்களான்னு மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கேப்ப கழட்டி பாத்துருங்க.